அத்தியாயம் 5: கடை நெட்வொர்க்கும் கணக்கு டேட்டாவும்

கணக்கு மென்பொருளான டேலி திறக்க நேரமாகிறது என்று இன்டர்நெட் பிளானை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. மாதாமாதம் கூடுதல் பணம் போகும். டேலி பழையபடியேதான் திறக்கும். பில் போடும் மேசையில் உள்ள கம்ப்யூட்டர், அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு ஃபைலைத் திறக்கும்போது அந்தப் போக்குவரத்து கடைச் சுவரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. இன்டர்நெட் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. தெருவில் ஃபைபர் அறுந்து கிடந்தாலும் கடைக்குள் பில் போட முடியவேண்டும், பிரிண்டர் அச்சடிக்கவேண்டும். முடியவில்லை என்றால் கோளாறு உள்ளே.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பில் போட இரண்டு கம்ப்யூட்டர், மாடியில் கணக்கருக்கு ஒன்று, பின்கட்டு தாண்டி 60 மீட்டர் தள்ளி குடோனில் ஒன்று. ஒரு பிரிண்டர், நாலு கேமரா. இந்த அளவில் கடை இல்லாத டவுன் தமிழ்நாட்டில் கிடையாது. ஆடிட்டர் ஆபீஸோ போட்டோ ஸ்டூடியோவோ வைத்திருப்பவர்கள் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைக்கு வேண்டியது இரண்டு. நாலு பேரும் ஒரே கணக்கில் வேலை செய்யவேண்டும், அதற்கு நெட்வொர்க். அந்தக் கணக்கு ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்து அதோடு சேர்ந்து போய்விடக்கூடாது, அதற்குச் சேமிப்பு. முதலாவதை எப்படியாவது செய்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நின்றுவிடுகிறது.

பெட்டியும் கேபிளும்

இன்டர்நெட் கம்பெனி ஆள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை எல்லோரும் மோடம் என்கிறோம். உள்ளே அது மூன்று வேலை பார்க்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின்சாரக் குறிகளாக மாற்றுகிறது, கடைக்கும் வெளியுலகுக்கும் நடுவே ரூட்டராக நிற்கிறது, வைஃபையும் தருகிறது. பின்புறம் நாலு போர்ட் இருக்கும். சில மாடல்களில் அவற்றில் ஒன்றுதான் கிகாபிட், மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ். அதனால் கம்ப்யூட்டர்களை நேராக அதில் செருக வேண்டாம். எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி எல்லாக் கேபிளையும் அதில் செருகுங்கள். ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு கேபிள் மோடத்துக்குப் போகட்டும். இந்தச் சாதாரண ஸ்விட்சுக்கு எந்த செட்டிங்கும் கிடையாது. கரன்ட் கொடுத்தால் போதும்.

100க்கும் கிகாபிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நெட்வொர்க் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், ஃபைலின் அளவை பைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 12.5 எம்பி. 10 ஜிபி ஃபோல்டர் ஒன்றை நகலெடுக்கக் குறைந்தது 13 நிமிடம். கிகாபிட்டில் அதே வேலை ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

இனி கேபிள். பெரும்பாலான கடைகளில் வேகத்தைத் தின்பது இதுதான். கம்ப்யூட்டர் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட நாலு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஒரு நீலக் கம்பி அறுந்திருந்தால் இணைப்பு அப்படியே நின்றுபோகாது. ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் பேசி 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ‘நெட் வருதுல்ல அண்ணே, அப்புறம் என்ன?’ என்று கேபிள் போட்ட பையன் கேட்பான். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்குக்குள் ஈதர்நெட் விவரங்களைத் திறந்து இணைப்பு வேகம் என்ற வரியைப் பாருங்கள். 1000/1000 என்று இருந்தால் சரி. 100/100 என்றால் அந்தக் கேபிளின் முனையை மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.

கிரிம்ப் செய்யும்போது நிற வரிசை முக்கியம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்: இரண்டு முனையிலும் இதே வரிசை. ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும், எந்த வரிசையா இருந்தா என்ன’ என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஜோடி மாறிப்போனால் இருநூறு முந்நூறு ரூபாய் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். டேட்டா மட்டும் தடுமாறும். முறுக்கிய ஜோடி ஒன்றாகப் போனால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் அதில் ஏறாது.

கேபிள் வாங்கும்போது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும்: உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கு அதே கேபிளில் கரன்டும் போவதாக இருந்தால் தூரத்தில் உள்ள கேமரா இரவில் அணைந்து அணைந்து எரியும்.

செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். குடோன் 60 மீட்டர்தானே, இழுத்துவிடலாம் என்று தோன்றும். கட்டடத்துக்குள் என்றால் நானும் சரி என்பேன். திறந்தவெளி தாண்டி வேறு கட்டடத்துக்கு என்றால் வேண்டாம். ஐப்பசி இடியில் ஊருக்குள் எத்தனை லேன் போர்ட் கருகுகிறது என்று சர்வீஸ் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். வெளியே போகிற அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் போட்டு இரண்டு பக்கமும் ஒளியை மின்சாரக் குறிகளாகவும் அவற்றைத் திரும்ப ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

வைஃபை மொபைலுக்கும் வந்து போகிறவர்களுக்கும் இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதிலேயே நெரிசலாக நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், சுவருக்கு அடங்கிவிடும். கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் எதையும் வைஃபையில் விடாதீர்கள். டேலி மாதிரி ஃபைலை நேரடியாகத் திறந்து வேலை செய்யும் மென்பொருள்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக ஓயாமல் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் வைஃபையில் கொஞ்சம் கொஞ்சம் தாமதம் சேர்ந்தால் நாள்முழுக்க மணல் கடிகாரம்தான்.

முகவரி

கேபிள் சரியாக இருந்தால் அடுத்தது ஐபி முகவரி. புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 1981இல் இந்த முறை வகுக்கப்பட்டபோது கிட்டத்தட்ட 430 கோடி முகவரிகள் என்றால் தாராளம் என்று எண்ணினார்கள். 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு தீர்ந்தது. அதற்கு வெகுமுன்பே, 1996இல், சில எண் வரிசைகளை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று. ஊருக்கு ஊர் ஒரு காந்தி ரோடு இருப்பதுபோல, உங்கள் கடையிலும் எதிர்க்கடையிலும் 192.168.1.5 இருக்கலாம், ஒன்றோடொன்று குழம்பாது. வெளியே போகும்போது ரூட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் உரிய கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடும்.

இந்த எண்களை ரூட்டரே ஒவ்வொரு கருவிக்கும் வழங்குகிறது, தற்காலிகமாக. கரன்ட் போய் வந்த மறுநாள் பிரிண்டர் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: நேற்று 192.168.1.7 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.12, கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டர் பக்கத்துக்குள் போய் பிரிண்டருக்கும், கணக்கு இருக்கும் கம்ப்யூட்டருக்கும், கேமராப் பெட்டிக்கும் நிரந்தர எண் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே போனதோடு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். வரும்போதே வைத்திருந்த பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்.

மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரூட்டர் வாங்கி மாட்டுவது இன்னொரு வழக்கம். மாடியில் இன்டர்நெட் நன்றாகவே வரும். ஆனால் கணக்கரின் நெட்வொர்க் பட்டியலில் கீழே உள்ள கம்ப்யூட்டர்கள் தெரியாது, ஏனென்றால் புது ரூட்டர் தனக்கென்று வேறு எண் வரிசையில் தனி நெட்வொர்க் ஒன்றைத் தொடங்கிவிட்டது. அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் என்ற நிலைக்கு மாற்றுங்கள். முகவரி வழங்கும் வேலையைக் கீழே உள்ள பெட்டியிடமே விட்டுவிடும். ஒரு கடைக்கு முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்கவேண்டும்.

நெட் இல்லை என்று கடைப் பையன் கூவினால் மோடத்தை அணைத்துப் போடுவதற்கு முன் அருகிலிருந்து தொலைவு என்ற வரிசையில் பாருங்கள். முதலில் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் எண் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். 192.168 வந்திருந்தால் ரூட்டரைப் பிங் செய்யுங்கள்: அதே இடத்தில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு ரூட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. பதில் வந்தால் கடைக்குள் எல்லாம் சரி. அடுத்து 8.8.8.8, கூகுளின் முகவரி. இதற்கும் பதில் வருகிறது, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. டிஎன்எஸ் முகவரியாக அதே 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் இத்தனையும் தேவையில்லை. வெளியே ஃபைபரில் ஒளி வரவில்லை. நூறு தடவை அணைத்துப் போட்டாலும் வராது. கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

டேட்டா எங்கே இருக்கிறது?

கடைக்காரர் பலரால் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாது. ‘கம்ப்யூட்டர்ல இருக்கு’ என்பார்கள். எந்தக் கம்ப்யூட்டர், எந்த டிரைவ், எந்த ஃபோல்டர்? மூன்றையும் ஒரு தாளில் எழுதி கல்லாவுக்குள் ஒட்டுங்கள்.

நம் கடையில் மாடிக் கம்ப்யூட்டரில் டேட்டா இருக்கட்டும். கையாள்பவர்கள் குறைவு, தூசியும் குறைவு. அதன் ஃபோல்டரை மட்டும் நெட்வொர்க்கில் பகிருங்கள். முழு டிரைவையும் திறந்துவிட வேண்டாம். ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு கொடுத்துப் பகிருங்கள். ‘எவ்ரிஒன்’ என்று போட்டால் சுலபம்தான். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த டெலிவரி பையனும் அந்த எவ்ரிஒன்னில் சேர்த்திதான். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கும் செட்டிங்கை நிறுத்துங்கள். அதற்கும் ஸ்விட்சுக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் அவசியம். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரன்ட் போனால் ஃபைல் பாதியில் நின்று கெட்டுப்போகும்.

டிஸ்க் இரண்டு வகை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, படிக்கும் முனை அவற்றுக்கு மேலே மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் மிதக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. அதனால் பல மடங்கு வேகம். டேட்டா இருக்கும் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் கூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பது என் கட்சி. ஆனால் ஒன்று: ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கறகறவென்று சத்தம் போடும், ஃபைல் திறக்கத் திணறும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக ஓடிவிட்டு இன்று காலை இருக்காது.

1 டிபி வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் ஐந்நூறு ரூபாய் என்று வருவதெல்லாம் போலி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும். கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் எழுதியதுபோலக் காட்டும், திறந்தால் இருக்காது. நிஜமான பென்டிரைவிலும் இடம் இருக்கும்போதே ‘ஃபைல் பெரியது’ என்று மறுத்தால், அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் தீர்ந்தது.

கேமராவுக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் அனுப்பினால் விநாடிக்கு கால் எம்பி, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி டிஸ்க்கில் பதினொரு நாள் தாங்கும். பன்னிரண்டாம் நாள் பழையதை அழித்து மேலேயே எழுதும். திருட்டு நடந்து இரண்டு வாரம் கழித்துப் பதிவு கேட்டால் கிடைக்காது.

பிரதி

நெட்வொர்க்கில் சேரும் சேமிப்புப் பெட்டியான நாஸ் ஒன்றை இரண்டு டிஸ்க் போட்டு வாங்கினால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ரெய்டு என்ற இந்த முறைக்கு 1988இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயரிட்டு இலக்கணம் வகுத்தார்கள். நல்ல ஏற்பாடு, ஒரு டிஸ்க் போனாலும் கடை நிற்காது. ஆனால் இது பேக்கப் அல்ல. கணக்கர் தவறி டேலியில் ஒரு கம்பெனியின் கணக்கை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பெட்டியையே திருடன் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் போச்சு. கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஃபோல்டரை ஒத்திசைய விடுவதும் இப்படித்தான்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் டேலி ஃபோல்டரை அப்படிப்பட்ட ஒத்திசைவுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பாதி எழுதிய ஃபைல் மேலே போய்ச் சிக்கலாகும். டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை மட்டும் மேலே ஏற்றுங்கள்.

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் பரவியது. விண்டோஸ் ஃபைல் பகிரும் பழைய முறையில் இருந்த ஓட்டைதான் அதன் வழி. ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றை யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பிடித்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 7க்கு வழக்கமான அப்டேட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் நின்றுவிட்டது. பில் கவுன்ட்டரில் இன்னும் 7 ஓடுகிறதென்றால் அது கணக்கு டேட்டாவோடு ஒரே ஸ்விட்சில் இருப்பதை யோசியுங்கள்.

இப்படிப்பட்ட வைரஸ் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் விடாது. வசதிக்காக எப்போதும் செருகியே வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க், தேவைப்படும் நாளில் உதவாமல் போவது இதனால்தான். எடுத்து முடித்ததும் பிடுங்கி வையுங்கள்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு சின்னக் கடைக்கும் பொருந்தும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். நம் கடைக்கு இப்படிச் செய்யலாம். மாடிக் கம்ப்யூட்டரில் இருப்பது முதல் பிரதி. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி ‘அ’, ‘ஆ’ என்று மார்க்கரால் எழுதுங்கள். தினமும் கடை சாத்தும் முன் ஒன்றில் பேக்கப் எடுங்கள். சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றதைக் கொண்டுவாருங்கள். பேக்கப் ஃபைலை கூகுள் டிரைவிலும் போட்டுவையுங்கள். பல கடைகளின் கணக்கு டேட்டா, இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும். பழைய ஃபைலின் மேலேயே எழுதாமல் தேதி போட்டுத் தனித்தனியாக வையுங்கள். போன வாரம் நடந்த தவறு இன்றுதான் கண்ணில் படும் என்றால் போன வாரத்துக்கு முந்தைய பிரதிதான் உதவும்.

எத்தனை காலம் வைத்திருப்பது? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கவேண்டும். அந்த ஆறு ஆண்டுக்குள் டிஸ்க்குகளை ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள். ஐந்து வயதான டிஸ்க்கை நான் நம்பமாட்டேன். வருடக் கணக்கை முடித்ததும் அந்த ஆண்டின் பேக்கப்பைத் தனியாக எடுத்து, வீட்டு பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பேக்கப் எடுக்கிறோம் என்கிறவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. குடோன் கம்ப்யூட்டரில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, நேற்றைய பேக்கப்பை அதில் மீட்டெடுங்கள். டேலியில் திறந்து நேற்றுப் போட்ட கடைசி பில்லின் எண்ணையும் தொகையையும் பில் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால்தான் அது பேக்கப். அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் இதைச் செய்துவிட்டு வாருங்கள்.